பதினாறு பேர், பதினோரு நாள்

கூட்டத்தோடு போகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவனுடைய எதையோதான் பார்த்துவிட்டுத் திரும்புகிறான் என்று பெரியப்பா சொல்வார். எதை என்பது மட்டும் தியாகேசனுக்கு நினைவில்லை. முதுகையா, பிடரியையா, குதிகாலையா. பிடரியாகத்தான் இருக்க வேண்டும், சொல்லும்போது பெரியப்பா தன் பிடரியைத் தேய்த்துக்கொள்வது ஞாபகம் இருக்கிறது, அல்லது அது வியர்வைக்காக இருக்கலாம், மாயவரத்தில் மே மாதத்தில் எல்லோரும் எதையாவது தேய்த்துக்கொண்டுதான் பேசினார்கள். காசிக்கு ஸ்பெஷல் ரயிலில் போய்விட்டு வந்து, கங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கூட வந்தவர்களின் குறட்டையைப் பற்றியே ஒரு வருஷம் பேசிய மனிதர். அவர் பேச்சையெல்லாம் ஐம்பது வருஷம் கழித்து நினைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன வந்தது என்றால், இதோ, முன் வரிசையில் ஒரு பிடரி இருக்கிறது. இரண்டு மடிப்பு, மடிப்புக்கு நடுவே பவுடர். அதற்குக் கீழே கையில்லாத, எட்டுப் பை வைத்த ஜாக்கெட், மீன் பிடிக்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்வது. திருச்சியில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு ஓட்டலின் மாடி ஹாலில், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு எட்டுப் பை எதற்கு. ஐரோப்பா இங்கேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது அவனுக்கு. தியாகேசன் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி அபயத்தைப் பார்த்தார். அவள் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, திரையில் இன்னும் எதுவும் வராமல் நீலமாக இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள், சினிமாக் கொட்டகையில் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டவள் மாதிரி. இருக்கட்டும், கொஞ்ச நேரம்தான். அவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமை மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, இந்தப் பயணக் கம்பெனிப் பெண்ணுக்கு போன் செய்து அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இதே ஊர்கள், இதே பதினோரு நாள், ஆனால் கூட்டம் கிடையாது. இரண்டே பேர், ஒரு கார், ஒரு டிரைவர். “சர்ப்ரைஸா சார்?” என்று அந்தப் பெண் கேட்டாள். அந்த வார்த்தையே அவருக்குப் பிடிக்காது, பிறந்தநாள் கேக்கின் மேல் எழுதுகிற வார்த்தை, ஆனாலும் ஆமாம் என்றார். “சூப்பர் சார். மேடம் எதிர்லயே எடுத்துக் குடுத்துடறேன், நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க.” அதனால் அவர் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தார். அது அவருக்குக் கஷ்டமாக இல்லை.

ஜெஸ்லின் என்பது அந்தப் பெண்ணின் பெயர், முப்பது முப்பத்திரண்டு இருக்கும், காதில் மைக் மாட்டிக்கொண்டு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். “நாம எல்லாம் இனிமே ஒரே ஃபேமிலி. பதினாறு பேர்தான், ஸ்மால் குரூப். பெரிய கம்பெனிங்க நாப்பத்தஞ்சு பேரை ஏத்துவாங்க. நாங்க பதினாறுக்கு மேல ஏத்த மாட்டோம்.” ஏத்துவது. லாரியில் ஏற்றுவது, வண்டியில் மூட்டையை ஏற்றுவது. அந்தச் சொல்லுக்கு ஹாலில் ஒரு முகமும் சுளிக்கவில்லை, எல்லா மூட்டைகளும் தலையாட்டின. “பதினோரு நாள்ல அஞ்சு நாடு கவர் பண்றோம்.” கவர். தலையணைக்குக் கவர், நோட்டுப் புத்தகத்துக்குக் கவர், எதையாவது பார்க்க விடாமல் மூடுவதற்குப் பெயர்தானே அது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பதினாறு பேர் போய் ஆஸ்திரியாவைப் போர்வை போட்டு மூடிவிட்டு வருவார்கள். திரையில் ஓர் அரண்மனை வந்தது, மஞ்சளாக, அது அரண்மனை என்பதற்காகவே ஹால் ஒரு பெருமூச்சு விட்டது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘வெளியிலிருந்து’ என்று போட்டிருந்தது. எத்தனை தூரம் போய், வெளியிலிருந்து. தெருக்கோடியில் இருக்கிற கலெக்டர் பங்களாவைக்கூட வெளியிலிருந்து பார்க்கலாம், அதற்கு விசா வேண்டாம். பிறகு போட்டோ ஸ்டாப் என்று ஒன்று சொன்னாள், பஸ் பன்னிரண்டு நிமிஷம் நிற்கும், இறங்கி, படம் எடுத்து, பாத்ரூம் போய், ஏறிவிட வேண்டும், அதில் எதை முதலில் செய்வது என்பது அவரவர் வயதைப் பொறுத்தது என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். அபயமும் சிரித்தாள். அடுத்த படத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். “இவர் சீனு அண்ணன், நம்ம குக். கூடவே வர்றார். காலையில இட்லி, ராத்திரி ரசம் சாதம். மலை உச்சியில பனிக்கு நடுவுல மிளகு ரசம் குடுப்பார் பாருங்க.” கைதட்டல் வந்தது. அன்று காலையில் வந்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான், அரண்மனைக்கு இல்லை, பனிக்கு இல்லை, ரசத்துக்கு. இவர்களை ஏன் வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்து, சுவரில் பனியைக் காட்டி, ரசத்தை ஊற்றி அனுப்பிவிடக் கூடாது, எல்லோருக்கும் மிச்சம். எட்டுப் பைக்காரர் கைதட்டிவிட்டு ஒரு பையிலிருந்து கைக்குட்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார், ரசம் அதற்குள் குடித்து முடித்துவிட்ட மாதிரி. ஆக ஒரு பைக்குக் கணக்கு கிடைத்துவிட்டது, இன்னும் ஏழு.

ஆனால் யார் இதையெல்லாம் சொல்வது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அந்தக் குரலைத் தியாகேசனுக்குத் தெரியும், அது அவருடையதேதான், ஆனால் கொஞ்சம் மூக்கால் பேசும். நீ எதைப் பார்த்தாய். மஸ்கட்டில் இருபத்து மூன்று வருஷம். முப்பது வயதில் போனவன், ஐம்பத்து மூன்றில் வந்தவன். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், சலூனில்கூட, நான் மஸ்கட்ல இருந்தப்ப என்று தொடங்குகிறாய், கேட்கிறவர்கள் ஏதோ பாலைவனம், ஒட்டகம், கடல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரோடு போடுகிற கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். பார்த்தது தார். காலையில் தார், மத்தியானம் தார், வெள்ளிக்கிழமை சட்டையில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் வைத்துத் துடைப்பது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கோட்டை இருக்கிறது, தண்ணீர் ஊற்று இருக்கிறது, பேரீச்சந்தோப்பு இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ரூமில் இருந்த மலையாளி வருஷா வருஷம் கூப்பிடுவான், அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார் தியாகேசன். இருபத்து மூன்று வருஷம் அடுத்த மாசம். அந்தக் கோட்டைக்குப் போகிற ரோட்டையே அவர்தான் போட்டார், கோட்டைக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது வேலை வேறு பகுதிக்கு மாறிவிட்டது. வெளியிலிருந்துகூடப் பார்க்கவில்லை. இந்தப் பன்னிரண்டு நிமிஷக்காரர்களாவது இறங்கிப் பார்க்கிறார்கள். சரி, அது வேறு, அது பிழைப்பு, அதையும் இதையும் சேர்க்க முடியாது என்று அவர் மூக்குக் குரலுக்குப் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை என்றதும் போன் பூத் ஞாபகம் வந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் வாட்சைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே பேசுவது. அபயம் அந்தப் பக்கம் வேக வேகமாகச் சொல்வாள், பாப்பாவுக்கு அம்மை, கொல்லைக் கதவு கீல் விட்டுவிட்டது, உங்க தங்கச்சி வந்துட்டுப் போனா. இவர் ம் ம் என்பார். பிறகு “வேற?” என்பார். அவள் “வேற ஒண்ணுமில்ல” என்பாள். அந்த ‘வேற’ எப்போதும் அவர் வாயிலிருந்துதான் வந்தது. ஊரோடு வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது, ஒரே வீடு, ஒரே மேஜை, இப்போதும் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் அறியாமல் வாயில் வந்துவிடுகிறது, வேற?, வரிசையில் யாரோ நிற்கிற மாதிரி.

இடைவேளை விட்டார்கள், வடையும் காபியும் வைத்திருந்தார்கள், பேப்பர் தட்டில் வடை, வடையின் மேலேயே சட்னி, அதுவும் ஒரு கவர். எட்டுப் பைக்காரர் திரும்பி முகத்தைக் காட்டினார். “மருதவாணன். பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர்டு. இது பன்னெண்டாவது நாடு சார் எனக்கு, இல்ல, அஞ்சு நாடுன்னா பதினாறு ஆயிடும்.” எண்ணிக்கொள்ளட்டும். “சார் வெளிநாடு போனதுண்டா?” என்று கேட்டார். தியாகேசன் இதற்காகவே காத்திருந்தவர் போல, “மஸ்கட்ல இருபத்து மூணு வருஷம்” என்றார், தார் பற்றிய எதுவும் தெரியாத குரலில். மருதவாணன் வடையை விழுங்கிவிட்டு, “ஓ, கல்ஃபா. அது அப்ராட்ல சேராது சார். அது நம்ம திருவாரூர் மாதிரி, கொஞ்சம் வெயில் ஜாஸ்தி” என்று சொல்லிச் சிரித்து அவர் தோளைத் தட்டினார், எண்ணெய்க் கை. தோளில் விரல் அடையாளம் விழுந்திருக்கும், வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். இவனோடு பதினோரு நாள். இவன் பிடரிக்குப் பின்னால் பதினோரு நாள். நல்ல வேளை, அந்தப் பெண்ணுடைய மேஜையில் இருக்கிற ஒரு காகிதத்தில் இவன் கிடையாது. அப்போது இடது பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சின்ன ‘அய்யோ’ போட்டு முடிகிற சிரிப்பு, யார் இது இப்படி என்று வெறுப்போடு திரும்பினார். அபயம். மருதவாணன் மனைவி சுகந்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறிமுகமாகி ஐந்து நிமிஷம் இருக்குமா. என்ன இருக்கப்போகிறது, முட்டிவலி, வேலைக்காரி, மருமகள், பெண்களுக்கு இந்த மூன்று நாட்டையும் கவர் பண்ண ஐந்து நிமிஷம் போதும் என்று நினைத்துக்கொண்டே காதைக் கொடுத்தார். “ஒம்பதாவது படிக்கையில மேப் போடச் சொன்னாங்க சுகந்தி. டான்யூப் நதி. கருங்காட்டுல புறப்பட்டு கருங்கடல்ல போய் விழணும். நான் என்ன பண்ணேன், கருங்கடல்ல புறப்பட்டு கருங்காட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன். அம்பு எல்லாம் தலைகீழா. சரோஜா டீச்சர் பீரியட் முழுக்க பெஞ்சு மேல நிக்க வெச்சுட்டாங்க. பெஞ்சு மேல நின்னுக்கிட்டே முடிவு பண்ணேன், ஒரு நாள் நேர்ல போய் அது எந்தப் பக்கம்தான் ஓடுதுன்னு பார்த்துடணும்னு.” சுகந்தி, “பார்த்துட்டு அந்த டீச்சருக்கு ஒரு போன் போடுங்க” என்றாள். “டீச்சர் போய்ச் சேர்ந்துட்டாங்க. இல்லாட்டி படகுல நின்னே போட்டிருப்பேன்.” மறுபடி அந்தச் சிரிப்பு, மறுபடி அந்த ‘அய்யோ’.

டான்யூப். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. ஐரோப்பா என்று அவள் சொன்னபோது பார்க்கில் கூட நடக்கிற பெண்கள் யாரோ போய்வந்திருப்பார்கள், அதைப் பார்த்து இவளுக்கும் ஆசை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார், ஏன் ஐரோப்பா என்று கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, எல்லோரும் போகிறார்கள். சுகந்தி கேட்டிருப்பாள். அல்லது கேட்காமலே கிடைத்திருக்கும். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று ஒரு கோபம் வந்தது, வந்த வேகத்தில் பாதி வழியில் ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது. அந்த முள் கேசட். மஸ்கட் போன புதிதில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், லீவில் ஊருக்குப் போகிறவனிடம் கேசட் கொடுத்து அனுப்புவது, வீட்டில் டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிந்து அதையே திருப்பி அனுப்புவார்கள். வழக்கம் என்னவென்றால் ஒரு பக்கம் அவள் பேசுவாள், மறுபக்கம் காலியாக இருக்கும், அதில் இவர் பேசி அனுப்ப வேண்டும். ஒரு தடவை, பாப்பாவுக்கு இரண்டு வயது, கேசட் வந்தது, முதல் பக்கத்தைக் கேட்டார். அரிசி, பள்ளம் விழுந்த தளம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், பின்னால் பாப்பா தட்டைத் தட்டுகிற சத்தம். பக்கம் தீர்ந்து பட்டன் டக்கென்று எகிறியது. ஊருக்குப் போகிறவன் மறுநாள் காலை கிளம்புகிறான். திருப்பிப் போட்டார், சிவப்புப் பட்டனை அழுத்தினார், செப்டிக் டேங்க்கை எந்த மூலையில் தோண்டுவது, எத்தனை அடி ஆழம், கொத்தனாரிடம் எப்படிப் பேசுவது என்று நாற்பது நிமிஷம் பேசினார், தெளிவாக, சைட்டில் பேசுகிற மாதிரி. அடுத்த வெள்ளிக்கிழமை பூத்தில் அவள் கேட்டாள், “கேசட் கேட்டீங்களா?” கேட்டேன் என்றார். “ரெண்டு பக்கமும் கேட்டீங்களா?” அப்போது கண்ணாடிக்கு வெளியே நின்ற பாகிஸ்தான்காரன் வாட்சைத் தட்டிக் காட்டினான், அந்த முகம் இப்போதும் நினைவிருக்கிறது, மீசையில் ஒரு பக்கம் நரை. “ரெண்டு பக்கமும் கேட்டேன்” என்றார் தியாகேசன். “அப்ப சரி” என்றாள். பத்து நாளில் கேசட் அவள் கைக்குப் போயிருக்கும். திருப்பிப் போட்டிருப்பாள். அவள் பேசி வைத்திருந்த இடத்தில் செப்டிக் டேங்க் இருந்திருக்கும். அதன் பிறகு அவள் இரண்டு பக்கம் பேசியதே இல்லை. என்ன பேசியிருந்தாள் என்று அவரும் கேட்டதில்லை. டான்யூப்பாக இருக்குமோ. இருக்காது, அதற்கு யாராவது கேசட் செலவழிப்பார்களா. ஆனால் பெஞ்சு மேல் நின்ற கதையாகக்கூட இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், முப்பத்து நாலு வருஷமாக அது எதுவாகவும் இருந்துகொண்டே இருக்கிறது.

மறுபடி உட்காரச் சொல்லவில்லை, ஒவ்வொரு ஜோடியாக மேஜைக்குக் கூப்பிட்டார்கள். மருதவாணன் ஜோடி ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டது, பழகின கைகள், பேனாகூட ஒரு பையிலிருந்து வந்தது. அடுத்து இவர்கள். ஜெஸ்லின் காதிலிருந்த மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, “வாங்க சார், வாங்க மேடம்” என்றாள், அபயம் பார்க்காதபோது அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டுகிற பெண்களையும் அவருக்குப் பிடிக்காது. மேஜையில் ஒரு ஃபைல், ஃபைலுக்கு அடியில் பச்சை அட்டை போட்ட நான்கைந்து காகிதம் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான். ஒரு கார், ஒரு டிரைவர், இரண்டு பேர். அவர் கையைக் கட்டிக்கொண்டார், ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டார், அந்த முகத்துக்கு அடியில் வெகு நாளாக வராத ஒரு படபடப்பு வந்தது, இந்த வயதில் இது என்ன அசட்டுத்தனம் என்று அதையும் ஒரு பக்கம் கேவலமாக நினைத்துக்கொண்டார். ஜெஸ்லின் விளையாட்டை ஆரம்பித்தாள். “மேடம், ஒண்ணு கேக்கறேன். தனியாப் போறது, ஃபேமிலியாப் போறதுன்னு எவ்வளவோ இருக்கு. நீங்க ஏன் குரூப் டூர்தான் வேணும்னு வந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே ஒரு கையை ஃபைலுக்கு அடியில் கொண்டுபோனாள். அபயம் யோசிக்கவே இல்லை. “பேச்சுத்துணைக்குத்தாம்மா” என்றாள். ஜெஸ்லினுக்கு அது இன்னும் வசதியாகப் போய்விட்டது. “என்ன மேடம், அதான் சார் இருக்காங்களே.” அபயம் சிரித்தாள், சுகந்தியோடு சிரித்த சிரிப்பு இல்லை, வீட்டுச் சிரிப்பு, உதடு மட்டும். “அவங்க வழித்துணைம்மா. பாஸ்போர்ட்ட பத்திரமா வெச்சுக்குவாங்க, டயத்துக்குக் கிளப்பி விடுவாங்க, பெட்டி தூக்குவாங்க. ஒரு குறை சொல்ல முடியாது.” அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் இருந்தது, முப்பத்தெட்டு வருஷமாகத் தயாராக இருந்தது. அவள் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள், எது எதற்கு என்று தெரிந்த வீட்டுக்காரி, அரிவாள்மணை இதற்கு, சல்லடை அதற்கு. “ரெண்டு பேரா மட்டும் போனா நான் பதினோரு நாளும் ஜன்னலப் பார்த்துக்கிட்டே வருவேன். அவங்க ரோட்டப் பார்த்துக்கிட்டே வருவாங்க” என்றும் சொன்னாள். “இவங்க ரோடு போட்டவங்க, தெரியுமில்ல. எந்த ஊரு ரோட்டையும் குத்தம் சொல்லாம வர மாட்டாங்க.” ஜெஸ்லின் கை ஃபைலுக்கு அடியிலேயே நின்றது. அவள் தியாகேசனைப் பார்த்தாள், இப்போது கண்ணில் சிமிட்டல் இல்லை, என்ன செய்ய என்ற கேள்விதான் இருந்தது. அவர் தலையை ஒரு விரற்கடை அசைத்தார். அவள் புரிந்துகொண்டாள், கையை வெறுமனே எடுத்து மேஜை மேல் வைத்தாள், வைத்த கையால் பச்சைக் காகிதத்தின் முனையை உள்ளே தள்ளினாள். கெட்டிக்காரப் பெண்தான்.

பேச்சுத்துணை. அந்தச் சொல்லை மட்டம் தட்ட ஒரு வழி கிடைக்குமா என்று அவர் தேடினார், எல்லாச் சொல்லுக்கும் கிடைத்ததே, கவருக்குக் கிடைத்தது, ஏத்துவதற்குக் கிடைத்தது. பேச்சுத்துணை என்பது பிரசவத்துக்குப் போகிற பெண்ணோடு ஆஸ்பத்திரியில் உட்காருகிறவர்கள், தனி வீட்டில் இருக்கிற கிழவிக்கு மத்தியானம் வந்து போகிற பக்கத்து வீட்டுக்காரி, பிரயோஜனமில்லாத, பெட்டி தூக்கத் தெரியாத, வழி தெரியாத ஆட்கள். பிரயோஜனமில்லாதவர்கள்தான், ஆனால் அவர்கள் வந்தால் கிழவி எழுந்து உட்காருகிறாள். காரை நினைத்துப் பார்த்தார். கறுப்பு நிறக் கார், தமிழ் தெரியாத டிரைவர், பின் ஸீட்டில் இரண்டு பேர், நடுவில் தண்ணீர் பாட்டில். முதல் மணி நேரம் அவர் ரோட்டைப் பற்றிச் சொல்வார், தார் இல்லை, கான்கிரீட், ரோட்டோரத் தோள்பட்டை அகலத்தைப் பார், வடிகால் கொடுத்திருக்கிறான் பார். அவள் ம் ம் என்பாள். இரண்டாவது மணி நேரம் மாத்திரை போட்டாயா என்பார். போட்டேன் என்பாள். பிறகு வேற என்பார். பிறகு ஒன்றும் இருக்காது. டிரைவர் கண்ணாடியில் பார்ப்பான், இரண்டு பேருக்கும் சண்டை என்று நினைத்துக்கொள்வான், சண்டை என்றால்கூட ஏதாவது பேச்சு இருக்கும். அந்தக் காரை அவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பரிசாக வாங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டி. சக்கரம் வைத்த போன் பூத். எவ்வளவு பெரிய முட்டாள் என்று தோன்றியது, அன்று காலையிலிருந்து இகழ்ந்தவர்களில் எட்டுப் பைக்காரரையும் சீனு அண்ணனையும் விட இந்த ஆள்தான் வடிகட்டிய முட்டாள் என்று தோன்றியது, அதில் ஒரு விதமான நிம்மதிகூட இருந்தது, கடைசியில் தகுந்த ஆள் அகப்பட்டுவிட்டான். பயம்தான் போகவில்லை. அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்தார், கோட்டையைப் பற்றிச் சொல்லலாம், நான்கு கிலோமீட்டரில் விட்டுவிட்டு வந்ததை. பாகிஸ்தான்காரன் மீசையைப் பற்றிச் சொல்லலாம். அதைச் சொன்னால் கேசட்டைச் சொல்ல வேண்டிவரும். எல்லா வழியும் அந்த கேசட்டின் மறுபக்கத்தில்தான் போய் முட்டியது. அபயம் பின்னால் திரும்பிச் சுகந்தியைத் தேடிக்கொண்டிருந்தாள், சுகந்தி வாசல் பக்கத்திலிருந்து கையாட்டினாள், நாங்க கீழ வெயிட் பண்றோம் என்று சைகை காட்டினாள். “நீங்க எழுதுங்க, எனக்கு இந்த இங்கிலீஷ் கட்டமெல்லாம் வராது” என்று அபயம் படிவத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள். “கீழ நிக்கறேன். கையெழுத்து எங்கயாவது வேணும்னா கூப்பிடுங்க.” படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது, அவளுக்கு முட்டிவலி என்று கேள்வி, சத்தத்தில் தெரியவில்லை.

பெயர் எழுதினார், தி. தியாகேசன், அறுபத்தாறு, தி. அபயாம்பாள், அறுபத்திரண்டு. பாஸ்போர்ட் எண் இரண்டும் பார்க்காமலே தெரியும். சர்க்கரை உண்டா, உண்டு, ஒருவருக்கு. சைவம். மாடிப்படி ஏற முடியுமா, முடியும். ஜெஸ்லின் பேனாவின் முனையால் கடைசிக் கட்டத்தைக் காட்டினாள். “சார், இது பஸ் சீட். தினம் சீட் மாறிக்கிட்டே இருக்கும். கப்பிள்ஸ் எப்பவும் சேர்ந்துதான் உக்காரணும்னா சேர்த்தே போட்டுடுவோம், பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. வேண்டாம்னா லேடீஸ் பக்கத்துல மேடத்துக்குப் போட்டுடலாம். நீங்க மிஸ்டர் மருதவாணனோட உக்கார வேண்டியிருக்கும்.” கீழே தெருவிலிருந்து அந்தச் சிரிப்பு மேலே வந்தது, கடைசியில் ‘அய்யோ’வோடு. தம்பதியர் அருகருகே அமர விருப்பமா என்று கேட்டிருந்தது, எதிரே இரண்டு கட்டம். தியாகேசன் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டார்.